ஆர்டித் கடையிலிருந்து கடலுக்கு

டோலன், டெக்சஸ்
மார்ச் 5, 1978

அன்பு மகன் ராய்ஸுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். நாய் நலம். காற்று வழக்கம்போல நம் எல்லோரையும்விட நலமாக இருக்கிறது. நேற்றுக்கூட ஒருவருடைய கோழிக் கூண்டைத் தூக்கிப் பக்கத்துப் பண்ணையில் வைத்துவிட்டது. உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ தெரியவில்லை. எங்கே நின்றாலும் இந்தக் கடிதம் உன்னை நல்ல உடம்போடு பார்க்கட்டும்.

நீ எனக்கு எழுதி நாளாகிறது. ஆனால் ஐனெஸ் அத்தைக்கு எழுதுகிறாய். வாசித்துக் காட்டினாள். கப்பல் சமையல்காரரிடம் சிக்கன் ஃபிரைடு ஸ்டீக் கேட்டதற்கு அவர் ஒரு கோழித் துண்டைப் பொரித்துக் கொடுத்தாராமே! சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. பாவம், அவர் எந்த ஊரோ. பெயரில் மட்டும்தான் கோழி, மற்றதெல்லாம் மாடு, தட்டித் தட்டி மெலிதாக்கிக் கோழியைப் பொரிப்பதுபோலப் பொரிப்பது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

காற்றாலை பழுது பார்ப்பவனுக்கு வீட்டுச் சாப்பாடு வாரத்தில் பாதி நாள்தான். இந்த நான்கு மாவட்டத்தில் நான் உட்காராத கஃபே கிடையாது. ரயில்வே கிராசிங் பக்கத்தில் ஓடெல் என்று ஒருவர் கஃபே நடத்தினாரே, நினைவிருக்கிறதா? ஸ்டீக் தட்டை விட்டு வெளியே தொங்கும். கிரேவியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொடுங்கள் என்று டாலஸிலிருந்து வந்த ஒருவர் கேட்டதற்கு, "தனியா வேணும்னா தனியா வேற கடைக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு ஓடெல் அவர் தட்டு முழுக்க ஊற்றினார். அந்த மனிதர் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, ரொட்டியால் தட்டையும் துடைத்துவிட்டுத்தான் போனார். இப்போது அங்கே டயர் கடை. மாட்டுச் சந்தைக்கு எதிரே இருந்த கடையில் உருளைக்கிழங்கு மசியல் கொஞ்சம் கட்டி தட்டியிருக்கும். ஆனால் அங்கே ஸ்டீக்கின் மேல் ஓடு, உன் அம்மா சொல்வாளே, முள்கரண்டியால் தட்டினால் கதவைத் தட்டுவதுபோலக் கேட்க வேண்டும் என்று, அப்படிக் கேட்கும். சனிக்கிழமை நாம் மூவரும் போனால் அவள் முதலில் தட்டிப் பார்ப்பாள், பிறகுதான் நமக்கு அனுமதி. ஒரு நாள்கூட அவள் அதை வீட்டில் செய்ததில்லை. "ஆறு நாள் நான் சமைக்கறேன், ஏழாவது நாள் எவளாவது எனக்குச் சமைக்கட்டும்" என்பாள்.

அவள் கண்ணை மூடிய பிறகு நான் அந்த இடங்களுக்குப் போகவில்லை. பல மாதம் தகர டப்பா பீன்ஸைத் திறந்து, பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்றபடியே சாப்பிட்டேன். பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் ஆர்டித் கெம்ப் நடத்தும் கடைக்குப் போனேன். உனக்குத் தெரியும், மிஸ் ஆர்டித். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தனியாளாக நடத்துகிறாரே, அவர்தான். உன் அம்மாவும் நானும் அங்கே ஜன்னலோரச் சோபாவில்தான் உட்காருவோம். அதனால் நான் கவுண்டர் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். ஊரில் எல்லோரும் என்னைப் பார்த்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தோளைத் தொடுவார்கள். அவர் தட்டை வைத்துவிட்டு, "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் மறுபடி போனேன். பிறகு அடிக்கடி போனேன்.

ஐனெஸ் அத்தை இதைப் பற்றி உனக்கு எழுதியிருப்பாள். எழுதாமல் இருந்தால் அவள் என் அக்காவே இல்லை. என்னிடமும் சொன்னாள். "டேய் ஹாலிஸ், எப்பப் பாத்தாலும் அந்தப் பொம்பளை கடையிலேயே கிடக்கறே, ஊரே சிரிக்குது." நான் சொன்னேன், "சிரிக்கட்டும்க்கா. இந்த ஊருக்கு மழைதான் இல்ல, சிரிப்பாவது இருந்துட்டுப் போகட்டும்." ஆனால் ராய்ஸ், சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது சிரிக்க ஒன்றும் இல்லை. நான் சாப்பிட்டேன், அவர் பரிமாறினார், அவ்வளவுதான். நடந்தது போன மாதம். அதை அத்தை வாயால் கேட்காமல் என் வாயால் நீ கேட்க வேண்டும்.

பிப்ரவரியில் வடக்கேயிருந்து பனிப்புயல் அடித்தது. ஆர்டித் கடையில் மதியச் சாப்பாட்டை முடித்து எழுந்தேன், கதவைத் திறந்தால் என் வண்டி தெரியவில்லை. வண்டி மட்டுமில்லை, சாலை, வானம் ஒன்றுமே தெரியவில்லை. அதற்குள் ஒரு பள்ளிக்கூட பஸ் தடவித் தடவி வந்து நின்றது. பாஸ்கெட்பால் ஆடிவிட்டுத் திரும்பும் பெண் பிள்ளைகள், அவர்களுடைய பயிற்சியாசிரியை. பின்னாலேயே நெப்ராஸ்காவிலிருந்து மாடு ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர். மின்சாரம் போய்விட்டது. நல்லவேளை, அடுப்புக்குப் பின்புறம் காஸ் தொட்டி இருந்தது.

ஆர்டித் கொஞ்சமும் அசரவில்லை. எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். வாரக் கடைசிக்கென்று வாங்கிப் போட்டிருந்த இறைச்சி முழுவதையும் வெளியே எடுத்தார். ஒரு மரச் சுத்தியலை என் கையில் கொடுத்து, "காத்தாடியைத்தான் அடிப்பீங்களா, கறியையும் அடிப்பீங்களா?" என்றார். அடித்தேன். அவர் மாவில் புரட்டி, முட்டை கலந்த பாலில் தோய்த்து, மறுபடி மாவில் அழுத்தி, இரும்பு வாணலியில் போட்டுப் போட்டு எடுத்தார். அந்தப் பிள்ளைகள் சாப்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலும் புயல் நிற்கவில்லை. அப்போதுதான் ஒரு பெண் சமையலறைக் கதவை வேகமாகத் திறக்க, அது ஆர்டித்தின் முழங்கையில் இடிக்க, கொதிக்கிற கொழுப்பு அவர் வலது கையில் கொட்டிவிட்டது. அவர் கத்தவில்லை. அந்தப் பிள்ளைதான் அழுதது. "அழாதே கண்ணு, எனக்கு இன்னொரு கை இருக்கு" என்று அதைத் தேற்றினார். பயிற்சியாசிரியை கையைக் குளிர்ந்த நீரில் வைத்துக் கட்டுப் போட்டார். ஆர்டித்தின் முகம் வெளுத்துப் போயிருந்தது. வெளியே அத்தனை பேர் பசியோடு இருக்கிறார்கள். நான் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

காப்பிகூடப் போடத் தெரியாதவன் உன் அப்பா. முதலில் போட்டதெல்லாம் மாவு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம், சட்டை கழன்ற குடிகாரன் மாதிரி வாணலியில் மிதந்தது. ஆர்டித் ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார். "என்னய்யா அவசரம்? மாவுல பொரட்டினதும் கொஞ்ச நேரம் சும்மா விடுங்க. அது கறியோட பழக வேண்டாமா?" கிரேவி இன்னும் மோசம். லாரிக்காரர் ஒரு கரண்டி எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அது விழவே இல்லை. "அண்ணே, இது சாப்பிடவா, இல்ல சுவத்துக்குப் பூசவா?" என்றார். ஆர்டித் சிரித்தார். கை வலியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சமையலறையில் நின்று, முகமெல்லாம் மாவோடு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மதியத்துக்குள் கை பழகிவிட்டது. முள்கரண்டியால் மேல் ஓட்டைத் தட்டினால் சத்தம் வந்தது. ஒரு சின்னப் பெண் தட்டோடு வந்து, "மாமா, இன்னொண்ணு இருக்கா?" என்றது. உலகத்தில் எந்தக் காற்றாலையை ஓட வைத்தபோதும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

மாலையில் காற்று அடங்கியபோது ஒன்று உறைத்தது. அன்று முழுக்க நான் உன் அம்மாவை நினைக்கவே இல்லை. அவள் போனதிலிருந்து அப்படி ஒரு பகல் எனக்கு வாய்த்ததே இல்லை. முதலில் பயமாக இருந்தது. பிறகு பயமாக இல்லை.

சாலை திறந்த பிறகு, அந்தச் சமையலறைக் கதவை இரண்டு பக்கமும் பார்த்துத் திறக்கும்படி கண்ணாடி வைத்து மாற்றிக் கொடுக்கப் போனேன். வேலை முடிந்ததும் கேட்டுவிட்டேன், என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா என்று. அவர் இடது கையால் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"உங்க பையன் என்ன சொல்றான்?"

"அவன் கடல்ல இருக்கான்."

"ஏன், கடலுக்குத் தபால் போகாதா?" என்றார். பிறகு துணியை வைத்துவிட்டு, "மோரீன் எனக்கும் தெரிஞ்சவதான். அவ பிள்ளை மனசார சரின்னு சொல்லாம அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். உனக்குத் தகவல் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எனக்கு ஐம்பத்தெட்டு வயது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற நினைப்போடு. எழுதி முடிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ நல்லபடியாக இரு. குளிரில் மேல்தளத்தில் தொப்பி இல்லாமல் நிற்காதே.

உன் அன்புள்ள அப்பா,
ஹாலிஸ் டாக்கெட்

*

கப்பலிலிருந்து
மார்ச் 29, 1978

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மிஸ் ஆர்டித்தின் கை குணமாக வேண்டும். அவர் நல்லவர் என்று எனக்குத் தெரியும். இது அவரைப் பற்றி இல்லை.

அம்மா இறந்த செய்தி எனக்கு வந்தபோது நாங்கள் நடுக்கடலில் இருந்தோம். கரையைத் தொட்டபோது நீங்கள் அடக்கம் செய்து முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் பஸ் நிலையத்தில் நின்று, ஒரு கையால் கூந்தலைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினாள். எனக்கு அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள். விடுமுறை கிடைத்தும் நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டதில்லை. வந்தால் அவள் அங்கே இருக்க மாட்டாள், அதனால்தான்.

ஒரு பகல் முழுக்க அவளை நினைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். பின்கதவுப் பக்கம் ஆணியில் அவளுடைய பச்சைக் கோட் தொங்கும். அதை மட்டும் யாரும் எடுக்க வேண்டாம்.

ராய்ஸ்

*

டோலன், டெக்சஸ்
ஏப்ரல் 16, 1978

அன்பு ராய்ஸ்,

கோட் அங்கேயேதான் இருக்கிறது. அதே ஆணி. இடது பையில் அவளுடைய கையுறைகூட அப்படியே இருக்கிறது.

உன் கடிதத்தை ஆர்டித்திடம் மறைக்கவில்லை. சொன்னேன். "கோட் அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும். இன்னொரு ஆணி அடிக்க சுவத்துல இடமா இல்ல?" என்றார். பிறகு, "பையனை அவசரப்படுத்தாதீங்க. நான் எங்கயும் ஓடிப்போகல, என் கடைக்குச் சக்கரம் இல்ல" என்றார். ஆகவே இப்போது கல்யாணப் பேச்சு இல்லை. நீ வராமல் எதுவும் நடக்காது. கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு பேரும் தெளிவாக உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

அவள் போய் எனக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. உனக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை. அது எனக்கு உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. அதனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அப்போது உனக்குக் கொடுத்த தந்தியில் அதற்கு இடமில்லை. கடிதத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. நான் வேலையிலிருந்து வந்து சட்டை மாற்றினேன். மாட்டுச் சந்தைக் கடைக்குப் போவதாக இருந்தோம். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, வயிற்றை அதற்காகக் காலியாக வைத்திருக்கிறேன் என்று சொன்னாள். உதட்டுக்குச் சாயம் போட்டிருந்தாள். நீலப் பூப்போட்ட உடை. "இன்னிக்கு என்னுதுல பங்கு கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து ஷூவுக்குக் கயிறு கட்டினாள். ஒன்றைக் கட்டிவிட்டாள். நான் சாவி தேடிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. அவ்வளவுதான் ராய்ஸ். வலி இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உன் அம்மா பசியோடும் சந்தோஷத்தோடும் போனாள்.

நீ வந்தால் முதலில் கல்லறைக்குப் போகலாம். நீ சொல்லும்வரை வேறெங்கும் போக வேண்டாம். நான் வண்டியிலேயே இருக்கிறேன், நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவளோடு இரு. கோதுமை இந்த வருடம் முழங்கால் உயரம் வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது. வா மகனே.

உன் அப்பா

*

கப்பலிலிருந்து
மே 20, 1978

மதிப்பிற்குரிய மிஸ் ஆர்டித் அவர்களுக்கு,

ராய்ஸ் டாக்கெட் எழுதுவது. உங்கள் கை முழுவதும் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. சின்ன வயதில் உங்கள் கடையில் கெட்சப் பாட்டிலைக் கவிழ்த்தபோது, என் அப்பா பார்ப்பதற்குள் துடைத்துவிட்டு எனக்குக் கண்ணடித்தீர்கள். நன்றி சொல்ல இத்தனை வருடம் ஆகிவிட்டது.

ஜூலை இரண்டாம் வாரம் எனக்கு விடுமுறை. ஊருக்கு வருகிறேன். முதல் நாள் அப்பாவும் நானும் அம்மாவைப் பார்க்கப் போவோம். மறுநாள் உங்கள் கடைக்கு வருவோம். எனக்கு ஒரு ஸ்டீக் எடுத்து வையுங்கள். அப்பாவை அடுப்புப் பக்கம் விட வேண்டாம். அதற்கு அடுத்த சனிக்கிழமை பாதிரியாருக்கு வேறு வேலை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தில் அப்பாவின் பக்கத்தில் நான் நிற்கிறேன். ஐனெஸ் அத்தைக்கு நானே எழுதிவிட்டேன். முன் வரிசையில் இடம் கொடுத்தால் அவள் சமாதானமாகிவிடுவாள்.

அதற்கு முன்னால் சில விஷயங்கள். அப்பா தானாகச் சொல்ல மாட்டார்.

அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. கேட்காவிட்டாலும் தலையாட்டுவார். முக்கியமானதை வலது பக்கம் உட்கார்ந்து சொல்லுங்கள். உடம்பு எப்படி என்று கேட்டால் ஒரு முறை 'நல்லா இருக்கேன்' என்றால் உண்மையாகவே நன்றாக இருக்கிறார். இரண்டு முறை சொன்னால் டாக்டரைக் கூப்பிடுங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் காற்றாலை மேலே ஏறாதே என்று சொன்னால் கண்டிப்பாக ஏறுவார். கீழே எனக்கு ஒரு வேலை இருக்கிறது, கொஞ்சம் வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அம்மா அப்படித்தான் அவரை அத்தனை வருடம் தரையில் வைத்திருந்தாள்.

அக்டோபரில் அம்மாவின் பிறந்த நாள். அன்று அவர் காலையிலேயே தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போவார் என்று அத்தை எழுதியிருந்தாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. போகட்டும். திரும்பி வந்ததும் ஒன்றும் கேட்காமல் தட்டை முன்னால் வையுங்கள். நீங்கள் முன்பு ஒரு முறை அப்படித்தான் செய்தீர்கள் என்று அப்பா எழுதியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வண்டிச் சத்தம் வாசலில் நின்ற பிறகும் அவர் கொஞ்ச நேரம் உள்ளே வர மாட்டார். இருட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ஏன் என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் நான் கூப்பிட ஓடுவேன், அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவாள். வாசல் விளக்கை மட்டும் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நீங்களும் கூப்பிட வேண்டாம். விளக்கை மட்டும் போடுங்கள். வந்துவிடுவார்.

மரியாதையுடன்,
உங்கள் ராய்ஸ்